ஏழாம் நிறுத்தத்தில் நான் இறந்திருந்தேன்

பிப்ரவரி 9

லவுட்ஸ்பீக்கர் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. என் விஷயத்தில் அந்த முதல் வார்த்தையே உங்களுக்குப் புதுச் செய்தியாக இருக்கும். நான் உயிரோடு இருக்கிறேன். ஒரு கடைவாய்ப்பல் வலிக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை.

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆறு நர்சுகளைப் பயிற்சிக்காக உங்கள் நகரத்துக்கு அனுப்பினார்கள். மேட்ரனையும் சேர்த்துத்தான் ஆறு. நடு நகரத்தில் பதினாறு மாடி ஹோட்டலில் தங்க வைத்தார்கள். கடைசி நாள் மத்தியானம் வேலை இல்லை. ஹோட்டல் வாசலிலிருந்தே ஊர் சுற்றிக் காட்டும் பஸ் புறப்படுகிறது, மேல்தளம் திறந்தது. ஏறினோம். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு ஹெட்போன், பக்கத்தில் மொழி மாற்றுகிற குமிழ். ஆறாம் எண்ணில் தமிழ் என்று போட்டிருந்தது. ஆறு பேரும் ஆறுக்குத் திருப்பினோம்.

"வணக்கம். வாங்க, ஊர் சுத்திப் பாக்கலாம்" என்றீர்கள்.

ஒன்பது வருஷம் ஆகியும் அந்தக் குரலைத் தெரியாதா எனக்கு? கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். மணிக்கூண்டு வந்தது. எத்தனை அடி, யார் கட்டியது எல்லாம் சொல்லிவிட்டு, "என் மனைவி ஒரு நர்ஸ். அவ மட்டும் இங்க இருந்திருந்தா, இந்தக் கடிகாரம் நாலு நிமிஷம் ஸ்லோன்னு சொல்லியிருப்பா" என்றீர்கள். நான் அதற்குள் என் கைக்கடிகாரத்தைப் பார்த்து முடித்திருந்தேன். நாலு நிமிஷம் ஸ்லோதான்.

மெழுகுச் சிலை மியூசியம் வந்ததும், நான் ஒவ்வொரு சிலைக்கும் நாடி பார்த்துவிடுவேன் என்றீர்கள். பஸ்ஸே சிரித்தது. ராட்சத ராட்டினம் வந்ததும், கல்யாணமான புதிதில் திருவிழா ராட்டினத்தில் நான் உங்கள் புதுச் சட்டை மேல் வாந்தி எடுத்த கதை. அதை நான் என் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. மேட்ரன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "யாரு பெத்த பிள்ளையோ, இந்த ஆளுகிட்ட மாட்டிக்கிட்டு!" என்றார். நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய?

ஏழாம் நிறுத்தம், இசை நீரூற்று. பஸ் நின்றது. உங்கள் குரல் இறங்கியது. "இத்தனை நேரம் நான் சொன்ன என் மனைவி காலமாயிட்டா. இந்த ஊருக்கு அவ வரவே இல்ல. அவளுக்காக ஒரு நிமிஷம் இந்தத் தண்ணியப் பாருங்க."

ஒரு நிமிஷம் ஒரு புல்லாங்குழல் ஒலித்தது. முன் சீட்டில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "நல்ல பொம்பளயா இருந்திருக்கும், பாவம்" என்றார். "ஆமாங்க" என்றேன். எங்கள் சின்ன நர்சுதான் முதலில் ஹெட்போனைக் கழற்றினாள். நாலு நிமிஷம் ஸ்லோ என்று சொல்கிற நர்ஸ் இந்த உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? "அக்கா, ராட்டினம்னாலே நீங்க ஏற மாட்டீங்களே..." என்று இழுத்தாள். மற்ற நாலு பேரும் திரும்பி என்னையே பார்த்தார்கள். நடுத்தெருவில் என்னைக் கிடத்தி வைத்ததுபோல இருந்தது.

இறங்கியதும் கண்டக்டர் உங்கள் கம்பெனி விலாசத்தைச் சொன்னார். ஹோட்டலுக்குப் பின் தெருதானாம். நான் வரவில்லை. செத்தவள் எதிரே வந்து நின்றால் உங்கள் நெஞ்சு நின்றுவிடும், அதற்கும் நான்தான் முதலுதவி செய்ய வேண்டும்.

என்னோடு வாழ விருப்பமில்லை என்றால் விட்டுவிட்டுப் போங்கள், போனீர்கள். கொல்வானேன்? டிக்கெட் வாங்கினவர்கள் அழுவதற்கு நான்தானா கிடைத்தேன்? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
காலமான உங்கள் மனைவி


பிப்ரவரி 17

என் மிளகாய்க்கு,

நீதானா? நீயேதானா?

உன் கடிதத்தை டிக்கெட் கவுன்டர் அம்மா கொண்டுவந்து கொடுத்தார். உறைமேல் உன் எழுத்து. "க"வுக்கு நீ போடுகிற அந்தக் கொக்கி. மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "யாரு எழுதியிருக்காங்க?" என்று கேட்டார். "செத்துப்போன என் பொண்டாட்டி" என்றேன். அந்த அம்மா தண்ணீர் கொண்டுவர ஓடினார், திரும்பி வரும்போது மேனேஜரையும் கூட்டி வந்தார். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். நாலு நாளாகத் தூக்கமில்லை. சந்தோஷமா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

நான் உன்னைக் கொல்லவில்லை. சத்தியமாக இல்லை. உனக்கே தெரியும், வீட்டுக்காரம்மா பிரித்துப் படிக்கிறாள் என்று சொல்லி, கடிதங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னவள் நீ. பெயர்கூட வேண்டாம், அதே பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள், "தலைமை நர்ஸ், மூன்றாம் வார்டு" என்று போட்டால் போதும் என்றாய். நாலு வருஷம் அப்படித்தான் போட்டேன். பிறகு நீ, "வருவதென்றால் வாருங்கள், இல்லையென்றால் எழுதாதீர்கள்" என்று எழுதினாய். எனக்கும் ரோஷம் வந்தது. இரண்டு வருஷம் எழுதவில்லை.

அதற்குப் பிறகு ரோஷமெல்லாம் வடிந்துபோய் ஒரு கடிதம் எழுதினேன். இந்த ஊரில் சுற்றிப் பார்க்க வேண்டிய பதினோரு இடங்கள், ஒவ்வொன்றிலும் நீ என்ன சொல்வாய், நான் என்ன சொல்வேன் என்று எட்டுப் பக்கம். ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று கேட்டிருந்தேன். பதினெட்டாம் நாள் அந்தக் கடிதம் திரும்பி வந்தது. உறைமேல் உங்கள் ஆஸ்பத்திரி முத்திரை, பக்கத்தில் நீல மையில் ஒரு வரி: "மேற்படியார் காலமானார்."

யாரிடம் கேட்பேன்? நான் ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று உன் அண்ணன் பஸ் ஸ்டாண்டில் என் முகத்துக்கு நேராகச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "அவ செத்தாக்கூட உனக்குச் சொல்லி அனுப்ப மாட்டேன்." சொன்னபடியே செய்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

ஆறு மாதம் கழித்து பஸ் கம்பெனியில் தமிழில் பேச ஆள் கேட்டார்கள். வெறும் தகவல் வேண்டாம், சொந்தக் கதை சேர்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். எனக்குத் தெரிந்த ஒரே கதை அந்தக் கடிதம்தான். மனப்பாடமாக இருந்தது. மைக் முன்னால் ஒப்பித்தேன். ஏழாம் இடம் வந்தபோது உண்மை வெளியே வந்துவிட்டது. உண்மை என்று நான் நம்பினது.

அந்த உறையை நான் பிரிக்கவே இல்லை. இதனுடன் வைத்திருக்கிறேன். நீயே பார்.

உன்,
லவுட்ஸ்பீக்கர்


பிப்ரவரி 26

லவுட்ஸ்பீக்கர் அவர்களுக்கு,

உறை வந்தது. எழுத்து எங்கள் பதிவேட்டு எழுத்தருடையது. அவர் எழுதினதில் தப்பே இல்லை. அதுதான் கொடுமை.

உங்களோடு சண்டை போட்ட அடுத்த வருஷமே என்னை ஆபரேஷன் தியேட்டருக்கு மாற்றிவிட்டார்கள். மூன்றாம் வார்டுக்குத் தலைமை நர்ஸாக வந்தவர் வேறு ஒருவர். வார்டு முழுக்க அவரைச் "சிரிப்பக்கா" என்றுதான் கூப்பிடும். நோயாளிக்கு ஊசி போடும்போதுகூடச் சிரித்துக்கொண்டேதான் போடுவார். மூளைக்காய்ச்சல் வந்து ஆறே நாளில் போய்விட்டார். அவர் உடம்பைத் துடைத்து, தலை வாரி, புடவை கட்டிவிட்டவள் நான். அந்த வாரம்தான் உங்கள் கடிதம் வந்திருக்கிறது. மூன்றாம் வார்டு தலைமை நர்ஸ் காலமானார் என்பது உண்மைதானே? நான் தியேட்டரில் கத்தரிக்கோல் எண்ணிக்கொண்டிருந்தபோது, இரண்டு கட்டிடம் தள்ளி என்னைச் சாகடித்து முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்கள்.

சிரிப்பக்காவுக்காக அந்த பஸ்ஸில் இரண்டரை வருஷம் ஜனங்கள் அழுதிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அவருக்குத் தகும்.

விலாசத்தில் பெயர் போட வேண்டாம் என்றது என் தப்பு. ஒப்புக்கொள்கிறேன். அண்ணன் சொன்னது அவன் தப்பு. அவனிடம் விஷயத்தைச் சொன்னதும், "நான் கோபத்துல சொன்னேன், அந்த மனுஷன் அதையா புடிச்சுக்கிட்டான்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனால் ஒரு கணக்கு மட்டும் எனக்கு உதைக்கிறது. மனைவி செத்துவிட்டாள் என்று ஒரு வரி வருகிறது. புருஷன் என்ன செய்வான்? அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வருவானா, மாட்டானா? எப்படிச் செத்தாள், கடைசியில் என்ன சொன்னாள், யார் தூக்கிப் போட்டார்கள் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டானா? ஒரு ராத்திரி பஸ் பயணம்தானே? எங்கள் ஆஸ்பத்திரியில் டெலிபோன் என்று ஒன்று இருக்கிறது.

செத்தவளைப் பதினோரு இடத்துக்குக் கூட்டிப் போனீர்கள். உயிரோடு இருக்கிறவளைப் பார்க்க ஒரு இடத்துக்கு வர முடியவில்லை. நீங்கள் ஏன் வரவில்லை? சமாதானம் வேண்டாம், உண்மை வேண்டும்.

உறையை நானும் பிரிக்கவில்லை. சிரிப்பக்காவின் சாவுக்கு அடியில் ஒட்டியிருக்கிற என் காதல் கடிதத்தை எப்படிப் பிரிப்பது? அதோடு அந்த நீல மை வரி கண்ணில் படும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. கேஸ் ஷீட்டில் தப்பாக எழுதிவிட்டால் நாங்கள் அழிக்கக் கூடாது, மை பூசி மறைக்கவும் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். முதல் தப்பு கீழே தெரிய வேண்டும் என்பதுதான் விதி. இதை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பல்லைப் பிடுங்கியாகிவிட்டது.

இப்படிக்கு,
ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்


மார்ச் 6

மிளகாய்க்கு,

உண்மை கேட்டாய். எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டு.

உறை வந்த அன்றைக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். உன் ஊர் பஸ் புறப்பட்டது, பார்த்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரி நம்பரை மூன்று தடவை சுழற்றினேன். மூன்றாம் தடவை எடுத்தார்கள். "எந்த வார்டு?" என்றார்கள். வைத்துவிட்டேன்.

சாவைப் பார்க்கப் பயம் என்று உன்னிடம் சொல்லலாம். எனக்கே சொல்லிக்கொண்டு வந்ததும் அதுதான். உன் கடிதம் வந்த பிறகுதான் வேறொன்று புரிந்தது. செத்தவள் என்னைப் பார்த்து "வராதே" என்று சொல்ல மாட்டாள். உயிரோடு இருக்கிறவள் சொல்லிவிடுவாள். அந்த ஒரு வரியில் எனக்கு ஒரு வசதி இருந்தது. அதனால்தான் விசாரிக்கவில்லை. இப்படிப்பட்ட ஆளா நான்?

நேற்று ஏழாம் நிறுத்தத்தை மறுபடியும் பதிவு செய்தேன். மேனேஜருக்கு விருப்பமில்லை. "அந்த இடத்துலதான்யா எல்லாரும் அழறாங்க, அதப் போய் எடுக்கிறியே" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஒலிப்பதிவு செய்கிற பையனிடம் புல்லாங்குழலை எடுத்துவிடச் சொன்னேன். இப்போது இப்படி இருக்கிறது: "என் மனைவி காலமாயிட்டான்னு இதுவரைக்கும் இங்க சொல்லிட்டிருந்தேன். அது தப்பு. அவ நல்லாருக்கா. போய்ப் பாக்காதவன் நான்தான்." அதற்கப்புறம் நீரூற்று எத்தனை அடி என்று சொல்லிவிடுகிறேன். இன்று யாரும் அழவில்லையாம்.

இங்கே இப்போது சீசன். தினமும் எட்டு நடை பஸ் ஓடுகிறது, லீவு கேட்டால் முறைக்கிறார்கள். நீ வந்துவிடேன். உன் ஊரிலிருந்து இங்கே வர ஒரு பஸ் டிக்கெட் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன், இருபத்திரண்டாம் தேதி, ஜன்னலோரம். ஹோட்டல் வாசலில் நிற்பேன். பதினோரு இடத்தையும் நானே காட்டுகிறேன். ராட்டினம் மட்டும் வேண்டாம், தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

வருவாய்தானே?

உன்,
லவுட்ஸ்பீக்கர்


மார்ச் 14

(பிரிக்கப்படாத பழைய உறையின் மேல். நீல மை வரி ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டு, அருகே சிவப்பு மையில்:)

தவறான பதிவு. மேற்படியார் உயிருடன் இருக்கிறார்.

இந்த உறை அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது. தபாலில் இனி ஏற்கப்படாது. உள்ளே உள்ள எட்டுப் பக்கத்தையும் அனுப்பியவர் நேரில் வந்து, தன் வாயால் படித்துக் காட்ட வேண்டும். மைக் அனுமதி இல்லை.

இணைப்பு: பஸ் டிக்கெட் ஒன்று. திசை தவறு.

பார்வையாளர் நேரம்: மாலை நான்கு முதல் ஆறு வரை. வாசலில் பெயர் சொல்லிக் கேட்கவும்.

(கையெழுத்து, தேதி)