வலி தெரியாமல் போகிற சொட்டு மருந்து

அன்புள்ள அக்கா,

இந்தப் பின்பக்கத்தை யாருக்கும் காட்டாதே, கெஞ்சிக் கேட்கிறேன். லீவு போட்டு ஊருக்கு வந்துவிட்டு நாளைக் காலையில் கிளம்பும் உன் விடுதித் தோழியிடம்தான் கொடுத்தனுப்புகிறேன், அவளுக்கும் காட்டாதே. முன்பக்கம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. வீட்டில் எல்லாரும் சுகம், கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே என்பதெல்லாம் அவள் வார்த்தை. கண்ணைப் பற்றிச் சொன்னது மட்டும் நிஜமில்லை. போனில் சொல்லலாம் என்றால் உங்கள் விடுதியில் ஞாயிற்றுக்கிழமைதான் தருகிறார்கள், அன்றைக்கும் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள்.

லேசர் வைத்த பிறகு மணல் விழுந்த மாதிரி உறுத்தும், எரியும், வெளிச்சம் கூசும், போகப்போகக் குறையும் என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். கசக்கக் கூடாது, தூங்கும்போது கண்மேல் பிளாஸ்டிக் மூடி ஒட்டிக்கொள்ள வேண்டும், வலி கூடினால் உடனே வரவேண்டும் என்றார். முதலில் அம்மா வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “என்னடி, சினிமா வில்லன் மாதிரி இருக்கேனா?” என்று சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் அம்மா ஓட்டுகிற பஸ்ஸின் கண்டக்டர் அத்தை எங்கிருந்தோ ஒரு சின்ன பாட்டில் வாங்கி வந்தாள். கண்ணை மரத்துப்போகச் செய்கிற மருந்து. ஒரு சொட்டு விட்டால் வலி போன இடம் தெரியாது. கொஞ்ச நேரத்தில் முன்னைவிட மோசமாகத் திரும்பி வருகிறது, மறுபடி கேட்கிறாள். அவளே விட்டால் கன்னத்தில் வழிந்துவிடுகிறது என்று நான்தான் விடுகிறேன்.

இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாட்டிலை எடுத்துப்போய் மருந்துக்கடை அண்ணனிடம் காட்டினேன். அவர் முகமே மாறிவிட்டது. “இதை வீட்ல போடவே கூடாது பாப்பா. வலி தெரியாது, ஆனா புண்ணு ஆறாது, பார்வையே போயிடும். உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ” என்றார். அம்மாவிடம் சொன்னால், “வலி அடங்குனா ஆறுதுன்னுதானே அர்த்தம்? டாக்டர்கிட்ட போனா பஸ் ஓட்டக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துடுவாரு, அந்த மருந்துக்கடைக்காரனா வந்து ஓட்டுவான்? உங்க அக்காகிட்ட வாயைத் தொறந்தே, தெரியும் சேதி” என்கிறாள். யார் சொல்வது சரி அக்கா? வலி இல்லாமல் இருப்பது எப்படிக் கெடுதலாகும்? ஆனால் சாயங்காலம் சொட்டு விடும்போது வலது கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி பார்த்தேன். முன்பே இருந்ததா, நான் சொட்டு விட்டதால் வந்ததா, எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

பாட்டிலை என் ஜியாமெட்ரி பெட்டிக்குள் ஒளித்துவிட்டேன். அம்மா முனகுவது சுவர் தாண்டிக் கேட்கிறது. எடுத்துக் கொடுத்தால் பாவமா, கொடுக்காவிட்டால் பாவமா தெரியவில்லை. இது கையில் கிடைத்ததும் வார்டன் காலில் விழுந்தாவது போன் செய். பெரியவள் நீ சொன்னால் ஆஸ்பத்திரிக்கு வருவாள். மருந்துக்கடை அண்ணன் பேரை மட்டும் இழுக்காதே. அம்மாவின் ஆசீர்வாதம் முன்பக்கத்தில் இருக்கிறது, அது நிஜம்தான், உன் பேரைச் சொல்லும்போது

கதவைத் தட்டுகிறாள். “எங்கடி வச்ச? ஒரே ஒரு சொட்டு, இதான் கடைசி” என்கிறாள். அழுகிறாள் அக்கா. அம்மா அழுது நான் கேட்டதே இல்லை. நான்