ரஹீம் டெய்லர் எடுத்த அளவு

என் உசுருக்கு உசுரான மச்சான் ரஹீமுக்கு,

முதல்ல நல்ல சேதி. பொண்ணுங்க ஸ்கூலு யூனிபாரம் மொத்தமும் இந்த வருஷம் உன் கடைக்குத்தான் வந்திருக்குது. உன் பொண்டாட்டி ஜமீலா ரெண்டு வாரமா நிமிர நேரமில்லாம தைக்குது. கடை வாசல்ல புள்ளைங்க வரிசையா நிக்குதுங்க, உன் மெஷினு சத்தம் ஸ்டேஷன் ரோடு வரைக்கும் கேக்குது.

இதைக் காதோட காதா, உன்னைப் புதைச்ச கபர்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம். ஆனா உன்னைக் கேலி பண்ணினது ஊரு முழுக்க. அதனால நான் எழுதறதையும் ஊரு படிக்கட்டும். உனக்குத்தான் எழுதறேன், மத்தவங்க எட்டிப் பாத்தா பாத்துட்டுப் போறாங்க.

மச்சான், ஆறேழு வருஷமா நெஞ்சுல ஒரு கல்லு வச்சுக்கிட்டே சோறு தின்னேன். நீ போயி ரெண்டு வருஷமாச்சு, அது இன்னும் கனத்துது. இப்போ இறங்கிட்டுது. எப்படி இறங்குச்சுன்னு சொல்றேன்.

நம்ம ரெண்டு பேருக்கும் இந்தக் காரு பைத்தியம் எப்படிப் பிடிச்சுதுன்னு யாராவது கேட்டா என்னால இன்னிக்கும் சொல்ல முடியல. நெய்வேலியில வேலை பாக்க வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருத்தரு, மேல கூரை இல்லாத ஒரு செவப்புக் காருல ரயில்வே கேட்டுல வந்து நிப்பாரே, அங்கதான் ஆரம்பிச்சிருக்கணும். ரெண்டே ரெண்டு சீட்டு, தரையோட தரையா படுத்த காரு. கேட்டு தொறக்கிற வரைக்கும் சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு பாத்துக்கிட்டே இருப்போம். நீ அதை டெய்லரு கண்ணால பாப்ப. இடுப்பு நல்லா ஒடுக்கமா பிடிச்சிருக்கான்டா, பின்பக்கம் கொஞ்சம் லூசு குடுத்திருக்கான்னு சொல்லுவ. எனக்கு மனசுல, அது எத்தனை துண்டு அச்சுல கழண்டு வரும்னு ஓடும். களிமண்ணுக்கு அச்சு செய்யற செராமிக் தொழிலாளி வேற என்னத்த நெனைப்பான்?

அப்புறம் எடைக்கு வாங்கின பழைய இங்கிலீஷ் பொஸ்தகம். மத்தவன் அதைப் பொட்டலம் கட்ட வாங்குவான். நீ காரு படத்தை வெட்டி மெஷினுக்கு மேல செவுத்துல ஒட்டுவ. ஒரு வருஷம் மெட்ராசுக்கு ரயிலேறி சோழவரம் ரேசுக்கே போனோம். புழுதியில நின்னு நின்னு கண்ணு செவந்து, திரும்பி வர்ற வழியெல்லாம் தொண்டை கட்டிப்போயி சைகையிலதான் பேசிக்கிட்டோம். உங்கம்மா நம்ம ரெண்டு பேரையும் பாத்து, எந்த வூட்டு எழவுக்குப் போயி அழுதுட்டு வரீங்கன்னு கேட்டாங்க.

பாத்தது போதாதுன்னு, நாமளே ஒன்னு செய்யணும்னு சொன்னது நீதான். இல்ல, நான்தானோ? யாரு சொன்னா என்ன. ஒரு டாக்டரு வூட்டுல வருஷக்கணக்கா மழையில நனைஞ்சு கெடந்த குட்டிக் காரை வாங்கினோம். மேல்கூடு துருப்பிடிச்சு உதிர்ந்துபோச்சு, இன்ஜின் மட்டும் நல்லா இருந்துது. ஜங்ஷன்கிட்ட மெக்கானிக் ஷெட்டுல அடிச்சட்டத்தையும் இன்ஜினையும் விட்டோம். சட்டத்தை நீ உன் இஞ்சு டேப்பால அளந்து, சட்டை அளவு எழுதற நோட்டுலயே எழுதிக் கிழிச்சுக் குடுத்த. நீளம், அகலம், சக்கரத்துக்கு சக்கரம் எல்லாம். நான் என் வூட்டுக் கொல்லையில மூங்கிலும் களிமண்ணும் வச்சு முழு உருவத்தையும் பிடிச்சேன். தகர டிரம்மு செய்யற ஆசாரி அது மேல தகட்டை வச்சுத் தட்டித் தட்டி உருவம் எடுத்தாரு. ஏழு மாசம், ஞாயித்துக்கெழமை ஒன்னு விடல.

கூட்டை மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டு ஷெட்டுக்குப் போனோமே, அந்த ஞாயித்துக்கெழமையை மறக்க முடியுமா? பாதி ஊரு வந்து நின்னுது. நாலு பேரு தூக்கி சட்டத்து மேல எறக்கினாங்க. அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கிட்ட மாதிரி தொளதொளன்னு நின்னுது. முன்னால பின்னால சேர்த்து ஒன்னே கால் அடி அதிகம். ரெண்டு பக்கமும் சக்கரமே தெரியல.

எங்கிட்ட இருந்தது நீ எழுதின காயிதம். கொல்லையில ஒவ்வொரு அளவையும் காயிதத்தோட ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் செஞ்சேன், ஒரு நூலு பிசகலன்னு எல்லாருக்கும் முன்னாடி சத்தியம் பண்ணினேன். அப்போ தப்பு யாரோடது? காயிதம் எழுதினவனோடது. உன் கடைக்குப் பக்கத்து டீக்கடை குப்புசாமிதான் முதல்ல வாயைத் தொறந்தாரு.

"வளர்ற காருன்னு லூசா தச்சுட்டீங்களா பாய்?"

ஷெட்டே குலுங்கிச்சு. நானும் சிரிச்சேன் மச்சான். நீ கூட சிரிச்ச. எழுதும்போது எங்கயோ மாறிப்போச்சு போலன்னு சொல்லிட்டு, டேப்பைச் சுருட்டி ஜோப்புல போட்டுக்கிட்ட.

மறுநாள் காலையில வேலைக்குப் போயி அச்சு மேசையில உக்காந்து, வழக்கமா செவுத்து ஆணியில மாட்டுற ஸ்கேலை எடுக்கக் கையை நீட்டினேன். ஆணி காலியா இருந்துது. அது என் வூட்டுக் கொல்லையில கெடக்குதுன்னு அப்போதான் உறைச்சுது.

ஊருல தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். களிமண்ணுல செய்யற எதுவும் காஞ்சு, சூளையில வெந்து வெளிய வர்றப்போ சுருங்கிடும். அதுக்காக அச்சை முதல்லயே பெருசா செய்யணும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட முடியாதுன்னு எங்க தொழில்ல ஒரு தனி ஸ்கேல் வச்சிருப்போம். நம்பர் எல்லாம் சரியா இருக்கும், ஆனா ஒவ்வொரு இஞ்சும் நெசமான இஞ்சை விடக் கொஞ்சம் நீளம். அதுல எட்டு இஞ்சுன்னு வச்சா சாதா டேப்புல ஒம்பது. என் ஸ்கேலை நானே தேக்குல இழைச்சு நானே கோடு போட்டேன். கை பழகின ஸ்கேலுன்னு அதைப் பையில போட்டுக்கிட்டு வூட்டுக்குக் கொண்டாந்து, சூளைப் பக்கமே போகாத தகரத்துக்கு அதாலயே அளந்திருக்கேன். ஏழு மாசமும். நீ எழுதின நம்பரும் என் ஸ்கேல் காட்டின நம்பரும் ஒன்னாத்தான் இருந்துது. எப்படித் தெரியும்?

அன்னிக்குச் சாயந்திரமே உங்கிட்ட ஓடி வந்து சொல்லியிருக்கணும். வரல. அந்த வாரம்தான் அச்சுப் பிரிவுக்கு மேஸ்திரி யாருன்னு முடிவாகிற வாரம். தன் ஸ்கேலே தனக்குத் தெரியாதவன் மேஸ்திரியான்னு கேப்பாங்களேன்னு பயம். அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். மேஸ்திரி வேலை கெடைச்சுது. அதுக்கப்புறம் இன்னும் கஷ்டமாயிட்டுது. ஒரு வாரம் ஒரு மாசமாச்சு, மாசம் வருஷமாச்சு. என்னைத் திட்டணும்னா இந்த எடத்துல நிறுத்திட்டு நல்லாத் திட்டிக்க.

சிரிச்சதோட போயிருந்தா பரவாயில்லை. அளவு தெரியாத டெய்லருன்னு ஒரு பேரு வந்துட்டா அப்புறம் என்ன இருக்குது? அந்த ரம்ஜானுக்கே உன் ஜமாத்து ஆளுங்க பாதிப் பேரு வேற கடையில துணி குடுத்தாங்க. தீபாவளிக்கும் அதே கதை. நீ தலகாணி உறை தச்ச, கொசுவலை தச்ச, கூடாரத்துணி தச்ச. ஆளை நிறுத்தி அளவெடுக்கத் தேவையில்லாத வேலை மட்டும்தான் உன் கடைக்கு வந்துது. நான் பக்கத்துக் கடையில டீக்குடிச்சுக்கிட்டே அதைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் மஞ்சக்காமாலை வந்து பதினெட்டு நாள்ல போயிட்ட.

உன்னைக் குழியில எறக்கறப்போ எனக்கு ஓடினது ஒன்னே ஒன்னுதான். இவன் தன் கையைத் தானே சந்தேகப்பட்டுக்கிட்டுப் போறானேன்னு. ஒரு டெய்லருக்கு அதை விடப் பெரிய நரகம் வேணுமா? காருன்னு எதைப் பாத்தாலும் எனக்கு அது ஞாபகம் வந்து தலை குனிஞ்சிடும்.

நீ போன பிறகு ஜமீலா மெஷினை மூடி வைக்கல. தைக்கக் கத்துக்கிட்டு கடையைத் தொறந்துட்டுது. போன மாசம் ஸ்கூலு பெரிய டீச்சரு கடைக்கு வந்து, யூனிபாரத்தை ஒரே கடையில குடுக்கலாம்னு இருக்கோம், உங்களால முடியுமான்னு கேட்டாங்க. ஜமீலா முகத்துல அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பாத்ததே இல்ல. நான் பக்கத்துல பெஞ்சுல டீ கிளாசோட உக்காந்திருக்கேன். குப்புசாமி சும்மா இருக்காம, அவங்க கடையில குடுத்தா அடுத்த வருஷத்துக்குத்தான் பொருந்தும் டீச்சருன்னு சொல்லி, பழைய காரு கதையை எடுத்துட்டாரு. கெட்ட மனுஷன் இல்ல, சிரிக்க வைக்கணும்னு ஒரு வியாதி. டீச்சரு சிரிக்கல. யோசிச்சு சொல்றேன்மான்னு சொல்லிட்டு குடையை விரிச்சாங்க.

கிளாசை வச்சுட்டு எழுந்துட்டேன். எப்படி எழுந்தேன்னு இப்பவும் தெரியல. "அஞ்சு நிமிஷம் நில்லுங்க டீச்சர், அந்தக் காரு கதையை நான் முழுசா சொல்லணும்"னு சொல்லிட்டு சைக்கிளை எடுத்தேன். எங்க அச்சுப் பட்டறைக்குப் போயி ஆணியில இருந்த ஸ்கேலை உருவிக்கிட்டு வந்தேன். அஞ்சு நிமிஷம் பதினஞ்சு ஆயிட்டுது, நல்லவேளை டீச்சரு நின்னுக்கிட்டு இருந்தாங்க. ஜமீலாகிட்ட டேப்பைக் கேட்டு வாங்கி மேசை மேல நீட்டி வச்சேன், இதாலதான் காரை அளந்தேன்னு சொல்லி பக்கத்துல ஸ்கேலை வச்சேன். என் எட்டாவது கோடு டேப்புல ஒம்பதுக்கு நேரா நின்னுது. குப்புசாமி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு குனிஞ்சு ரெண்டு தடவை எண்ணினாரு.

"அப்போ பாய் எடுத்த அளவு சரிதானா?"

"சரிதான்யா. தப்பு என்னோடது. மறுநாளே எனக்குத் தெரிஞ்சுது, இன்னிக்கு வரைக்கும் வாயைத் தொறக்கல."

டீச்சரு குடையை மடக்கிட்டு, திங்கக்கெழமையில இருந்து புள்ளைங்களை வகுப்பு வகுப்பா அளவெடுக்க அனுப்பறேன்மான்னு சொன்னாங்க. ஜமீலா என் பக்கம் திரும்பவே இல்ல. டேப்பைச் சுருட்டி உள்ள எடுத்துக்கிட்டுப் போயிட்டுது. எனக்கு ஒரு பக்கம் பாரம் எறங்கின மாதிரியும் இருந்துது, இன்னொரு பக்கம் இனிமே அந்த வாசப்படி எனக்கு இல்லன்னும் தோணுச்சு.

நாலு நாள் கழிச்சு கூப்பிட்டு அனுப்புச்சு. போனேன். மெஷினை நிறுத்தாமலே பேசுச்சு.

"இதைச் சொல்ல இத்தினி வருஷமா அண்ணே?"

அவன் தன் கையையே நம்பாம போயிட்டானேம்மா, அதுதான் எனக்குத் தாங்கலன்னு சொன்னேன். அப்போதான் மெஷினை நிறுத்துச்சு.

"டெய்லருக்குத் தெரியாதா அண்ணே? கூட்டை எறக்கின மறுநாளே, நீங்க வேலைக்குப் போன நேரமாப் பாத்து டேப்பை எடுத்துக்கிட்டு ஷெட்டுக்குப் போனாரு. சட்டத்தையும் அளந்தாரு, கூட்டையும் அளந்தாரு. வூட்டுக்கு வந்து உக்காந்து அப்படி ஒரு சிரிப்பு. 'சிங்காரம் காரைச் சூளையில வேக வைக்கப் போறோம்னு நெனச்சுட்டான் புள்ள'ன்னாரு. அவனுக்கு மேஸ்திரி வேலை வர்ற நேரம், வெளிய மூச்சு விடாதேன்னு சொல்லிட்டாரு."

அடப்பாவி. தெரிஞ்சுக்கிட்டா கொசுவலை தச்சுக்கிட்டு இருந்த? தெரிஞ்சுக்கிட்டா தினமும் என் முன்னாடி உக்காந்து டீ குடிச்ச? அந்த எடத்துலயே உன் கட்டிங் மேசையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன் மச்சான். துக்கத்துல இல்ல. உன் கை மேல உனக்கு ஒரு நாளும் சந்தேகம் வரலன்னு தெரிஞ்சுதே, அதுக்கு. ஜமீலா தண்ணி கொண்டாந்து குடுத்துது.

அவனுக்கு எம்மேல கோவமே இல்லையாம்மான்னு கேட்டேன். இல்லன்னு பொய் சொல்லலாம்ல? உன் பொண்டாட்டி சொல்லாது.

"இல்லாம என்ன, இருந்துது. ஒரு மாசம் உங்க பேரை எடுத்தாலே எரிஞ்சு விழுவாரு. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தாரு."

நெசந்தான். கூட்டை எறக்கின அந்தச் சமயத்துல ஒரு மாசம் நீ என் பக்கம் வரல. கடையில வேலை போலன்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். அப்புறம் எப்படிம்மா கோவம் போச்சுன்னு கேட்டேன்.

"பொஸ்தகக் கட்டுல புதுசா ஒரு காரு படம் வந்துது. அதை என்கிட்ட காட்டினாரு, எனக்கு என்ன தெரியும், நல்லா இருக்குதுன்னேன். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. 'இதை அவன்கிட்டதான் காட்டணும்'னு சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

மச்சான், இப்போ ஒரு வாக்கு குடுக்கறேன். நீ போனதுல இருந்து நான் சோழவரம் பக்கம் போகல. வர்ற ரேசுக்குப் போறேன். தலையை நிமித்திக்கிட்டு, ஒவ்வொரு காரா, உன் பங்குக்கும் சேர்த்துப் பாக்கறேன். திரும்பி வந்து உன் கபர்கிட்ட உக்காந்து ஒன்னு விடாம சொல்றேன். எந்தக் காருக்கு இடுப்பு எவ்வளவுன்னு எனக்குச் சொல்லத் தெரியாது, நீயே அளந்துக்க. நீ சொல்ற அளவை நான் இனிமே யாருக்கு முன்னாடியும் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

உன் அளவை உனக்கே திருப்பிக் குடுத்த,
மச்சான் சிங்காரம்