முனியப்பன் உழுத கள்ளி

1953 ஏப்ரல் 12, ஞாயிறு
வெயில் கொளுத்துகிறது. இந்த வருடமும் மழை இல்லை. புளி வண்டி கிருஷ்ணகிரிக்குக் கிளம்பியது. சூளகிரி ரோட்டோரம் முனியப்பன் நிலத்தைப் பார்த்து வந்தேன். புளிக் கிடங்கு கட்ட அதைவிட நல்ல இடம் இல்லை. மறுபடி கேட்டேன். விற்க மாட்டானாம்.

நிலத்தில் பாதி சப்பாத்திக்கள்ளி. வறட்சியில் சுருங்கி, பழைய செருப்புத் தோல் மாதிரி. துண்டு துண்டாக வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"செத்த கள்ளிதானுங்கய்யா. எங்கப்பன் காலத்துல பூச்சி உழுந்து கள்ளி செத்தப்போ இப்படித்தான் வெட்டி, உழுது மண்ணோட கலந்தாரு. அந்த வருசம் ராகி ஆளுயரம்."

பூச்சி விழுந்த கள்ளியில் பஞ்சு மாதிரி வெள்ளை அப்பியிருக்கும், உள்ளே அழுகியிருக்கும். இதில் அது கிடையாது. ஒரு துண்டைக் கிள்ளினேன். பச்சை, பிசுபிசுப்பு. சாகவில்லை. மழை விழுந்தால் வெட்டின துண்டெல்லாம் வேர்விடும், ஒரு செடி நூறாகும்.

அதை அவனிடம் சொல்லவில்லை. மாடு மெலிந்துவிட்டது, உழ முடியவில்லை என்றான். என் மாட்டு ஜோடியை அனுப்புகிறேன் என்றேன். கும்பிட்டான்.

ஏப். 20, திங்கள்
சாயங்காலம் ஆலங்கட்டி மழை. கடையில் ஓடு உடைந்தது, மாற்ற வேண்டும். முனியப்பன் நேற்றே உழுது முடித்தான். என் மாட்டுக் குளம்பில் முள். பிடுங்கி மஞ்சள் பூசினோம். அவன் பெண்சாதி சின்னம்மா கோழி கொண்டுவந்தாள்.
"மாடு குடுத்த மவராசன், நல்லா இருக்கணும்."
கோழி முற்றல். வேகவே இல்லை.

ஜூன் 20, சனி
ஓயாத சாரல். முனியப்பன் நிலம் முழுக்கக் குழந்தை உள்ளங்கை மாதிரி பச்சைக் கள்ளித் துளிர். ராகி விதைத்த சால் தெரியவில்லை. சின்னம்மா குனிந்து பிடுங்குகிறாள், முள் குத்திக் கையெல்லாம் வீக்கம். பிடுங்கியதை வரப்பிலேயே போடுகிறாள். அங்கேயும் வேர் பிடிக்கும். வண்டியை நிறுத்தவில்லை.

1954 பிப். 3, புதன்
பனி விட்டது. நல்ல வெயில். ராகி பொய்த்ததில் முனியப்பன் விற்றுவிட்டான். போன மாதமே பத்திரம் முடிந்து நிலம் என் பேரில். சுத்தம் செய்ய ஆள் கேட்டேன். கூலிக்கு வந்தது முனியப்பன்.

"வேரோட தோண்டு. ஒரு துண்டுகூட மண்ணுல கெடக்கக் கூடாது. பாறை மேல குவி. காயட்டும், மழைக்கு முன்னாடி கொளுத்திடணும். உழுதா பெருகும்."

மண்வெட்டியை ஊன்றி நின்றான்.

"இது அப்பவே தெரியுமுங்களா?"

"தெரியும்."

"சொல்லலீங்களே."

"நீ விக்க மாட்டேன்னியே."

அவன் குனிந்து தோண்ட ஆரம்பித்தான். சுத்தமான வேலை. பொழுது சாயுமுன் பாறை மேல் கள்ளி ஆளுயரம்.