பரணுக்குப் போன பள்ளிக்கூடம்

வாத்தியாரே,

இன்று காலை கடையில் ஒரு தினை மூட்டையின் வாயை அவிழ்த்தேன். முதல் அறுப்புப் புதுத் தினை. உமியும் வெயிலும் கலந்த அந்த வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. வாங்க வந்தவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தராசைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். ஆவணியில் நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி வந்தபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை. ஒரு மூட்டைத் தினைக்கு வந்துவிட்டது, பாருங்கள். இதை எழுதி எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மலைமேல் திருப்புலி நாட்டுச் சரிவில் புல் வேய்ந்த அந்த ஒற்றைக் கொட்டகைக்கு நாம் இருவர்தான் வாத்தியார்கள். நீங்கள் தேவனூர் நாட்டில் பிறந்து, கீழே போய்ப் படித்து, மலைக்கே திரும்பி வந்தவர். நான் அடிவாரத்து மிளகு வியாபாரியின் மகன். அத்தாவின் கடையில் உட்காரப் பிடிக்காமல் ஓடி வந்தவன். ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனாலும் நீங்கள் என்னைப் ‘பாய்’ என்பீர்கள், நான் உங்களை ‘வாத்தியாரே’ என்பேன். கோபம் வந்தால்கூட உங்களுக்கு ‘ங்க’ போடாமல் பேச வராது. சண்டை போட லாயக்கில்லாத ஆள் நீங்கள்.

ஐப்பசி பிறந்தால் நம் கொட்டகை காலியாகிவிடும். தினைக் கதிரில் பால் பிடித்ததும் பிள்ளைகள் கிளி விரட்டக் காட்டுக் காவல் பரண் ஏறிவிடுவார்கள். அறுப்பு முடியும்வரை இறங்கமாட்டார்கள். முதல் வருஷம் நான் வீடு வீடாகப் போய்த் தொண்டை வற்றக் கத்தினேன். ஒரு தகப்பன் நிதானமாகக் கேட்டார்: “புள்ள பள்ளிக்கூடம் வந்துட்டா கதிரை ஆருங்க பாக்கறது? நீங்க வந்து பரண்ல குந்துவீங்களா?”

நான் கொதித்துப் போய் உங்களிடம் வந்து சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். “கேக்கறது நாயந்தானுங்களே பாய். போய்க் குந்துவோமுங்க” என்றீர்கள்.

வேடிக்கைக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். மறுநாளே சிலேட்டுகளைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். மேட்டுச் சரிவு உங்களுக்கு, பள்ளச் சரிவு எனக்கு. பாடப்புத்தகத்தில் ரயில் இருந்தது, கப்பல் இருந்தது. இரண்டையும் அந்தப் பிள்ளைகள் கண்டதில்லை. நீங்கள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “இன்னைக்கு என்ன பாத்தே கண்ணு?” என்று கேட்பீர்கள். அவர்கள் சொன்னதே அன்றைய பாடம். எனக்கு அது பாடமாகவே படவில்லை. ஊர் சுற்றிக்கொண்டு சம்பளம் வாங்குகிறோம் என்று உங்கள் காதுபடவே முணுமுணுத்தேன்.

அந்தப் பரண்களில்தான் வெள்ளாயி கிடைத்தாள். பெண் பிள்ளை என்று கொட்டகைப் பக்கமே அனுப்பாத வீடு அவளுடையது. கிளிகள் ஏன் எல்லாம் ஒன்றாக இறங்குகின்றன என்று அவள் கேட்டாள். எனக்கே பதில் தெரியாத கேள்வி. “எனக்குந் தெரியலே கண்ணு. நீயே பாத்துச் சொல்லு” என்றீர்கள். வாத்தியார் ‘தெரியவில்லை’ என்று சொல்லலாமா என்று நான் அன்று உங்களோடு மல்லுக்கட்டினேன். சில நாள் கழித்து அவள் பார்த்துச் சொன்னாள்: முதலில் ஒரு கிளி மட்டும் வந்து மொட்டை மரத்து உச்சியில் உட்கார்ந்து நோட்டம் பார்க்கிறது, அதை விரட்டிவிட்டால் மற்றவை இறங்குவதில்லை.

அதையே பிள்ளைகள் பாடமாகக் கட்டினார்கள். ஒரு பரணிலிருந்து, “பச்சைக் கிளி எங்கே?” அடுத்த பரணிலிருந்து, “மொட்டை மரத்து மேலே.” அதற்கடுத்து, “யாரைப் பாக்குது?” மேட்டு உச்சியில் கடைசிப் பரணில் வெள்ளாயி, “என்னைப் பாக்குது.” கத்திய வரியைச் சிலேட்டில் எழுதிக் காட்ட வேண்டும். கார்த்திகை முடிவதற்குள் அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அப்புறம் நான் முணுமுணுக்கவில்லை.

அந்த மாதத்தில்தான் இன்ஸ்பெக்டர் வந்தார். பள்ளிக்கூடம் தொடர்வதும் மூடுவதும் அவர் எழுதப் போவதில் இருந்தது. வந்தவர் காலிக் கொட்டகையைப் பார்த்தார். “பிள்ளைகள் பரண்ல இருக்காங்க, அங்கே வந்து கேட்டுப் பாருங்க” என்று நீங்கள் கெஞ்சினீர்கள். கெட்ட மனிதர் இல்லை அவர். மலையேறி வந்த களைப்போடு தடியை ஊன்றிக்கொண்டு நம் பின்னால் நடந்தார். காக்கிச் சட்டை, தலையில் தொப்பி.

நமக்குத் தோன்றவில்லையே, வாத்தியாரே. காட்டு எல்லையைத் தாண்டித் தினை விதைத்த குடும்பங்கள் அவை. காக்கியைக் கண்டால் வனக் காவலர், அவர்கள் வாயில் ‘கார்டு’, வருகிறார் என்றுதான் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். மேட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: “கார்டு வாராரு.” அடுத்த பரண் வாங்கிக்கொண்டது, அதற்கடுத்தது வாங்கிக்கொண்டது. நீங்கள் பழக்கியபடியே, ஒரு எழுத்துப் பிசகாமல், சரிவு முழுக்க இறங்கிப் போயிற்று. நாம் போய்ச் சேர்ந்தபோது பரணில் சிலேட்டுகள் மட்டும் கிடந்தன.

“கண்ணுங்களா, இவரு கார்டு இல்லே, வாங்க” என்று நீங்கள் காட்டைப் பார்த்துக் கூப்பிட்டீர்கள். பேர் பேராகக் கூப்பிட்டீர்கள். கார்டுதான் உங்களைப் பிடித்துவைத்து அப்படிக் கூப்பிடச் சொல்கிறார் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஒரு புதர்கூட அசையவில்லை.

நான் காரணத்தை விளக்கினேன். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். “நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும். நான் பாத்ததைத்தானே எழுத முடியும்?” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஆளில்லாத தினையில் கிளிகள் இறங்கின. நீங்கள் பரண் ஏறித் தகரத்தைத் தட்ட ஆரம்பித்தீர்கள். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அடுத்த பரணில் ஏறிக் கத்தினேன்.

பொழுது சாயும்போது வெள்ளாயி புதரிலிருந்து ஓடி வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. “நாந்தானுங்க மொதல்ல பாத்தேன். ஒருத்தரையும் புடிக்க உடலீங்க” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் அவள் தலையில் கை வைத்து, “நல்லாப் பாத்தே கண்ணு” என்றீர்கள். பிறகு பரணில் கிடந்த சிலேட்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் கட்டினீர்கள்.

தை மாதம் பள்ளிக்கூடத்தை மூடும் உத்தரவு வந்தது. உங்களைக் கீழ்நாட்டுக்கு மாற்றினார்கள். நான் எழுதிப் போட்ட மனுக்களுக்குப் பதிலே இல்லை. கடைசியில், எதற்குப் பயந்து ஓடினேனோ அந்தக் கடையிலேயே வந்து உட்கார்ந்தேன்.

இன்றைக்கு இந்த மூட்டையைக் கொண்டுவந்தவர் வெள்ளாயியின் புருஷன். மேலே பள்ளிக்கூடம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். “ஆருங்க அங்க வாராங்க?” என்றார். வெள்ளாயி எதையாவது படிக்கிறாளா என்றேன். எழுத்தெல்லாம் மறந்துபோய்விட்டதாம். ஆனால் அவர்கள் மகள் இப்போது பரணில் இருக்கிறாள். ‘பச்சைக் கிளி எங்கே’ என்றுதான் கிளி விரட்டுகிறாளாம். அது பாடம் என்று அவளுக்குத் தெரியாது.

கிளம்பும்போது அவர் நின்று கேட்டார். “எம் புள்ள ஒண்ணு கேட்டுட்டே இருக்குதுங்க. அந்த மொட்டை மரம் உழுந்துட்டா மொதக் கிளி எங்க போய்க் குந்தும்னு. உங்களுக்குத் தெரியுமுங்களா?”

என் வாயில் உங்கள் வார்த்தைதான் வந்தது. “எனக்குத் தெரியலீங்க. அவளையே பாத்துச் சொல்லச் சொல்லுங்க.”

அவர் மூட்டைக் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். “பாத்துட்டு ஆருகிட்டீங்க சொல்லும்?” என்றார்.

கடையை மூடிவிட்டேன். அதை உங்களிடம் கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், வாத்தியாரே.