உறைமேல் எழுதிய பழைய பெயர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருந்தாய், படித்தும் மனம் ஆறவில்லை. உன் போன கடிதம் நாற்பத்தொரு நாள் அலைந்து வந்தது. உறையில் நம் நாட்டின் பெயருக்குப் பதில் அந்தப் புராணகாலப் பெயர். உள்ளே உன் எழுத்து, முகவரி மட்டும் வேறு யாரோ எழுதியது. முப்பத்திரண்டு வருஷம் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவனுக்கு, திறந்து மறுபடி ஒட்டிய உறை தெரியாதா? அம்மாவிடம் காட்டினேன். "உங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல" என்றாள். பிறகு அவளே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒட்டிய இடத்தை விரலால் தடவினாள்.

சூரியனின் மகன் ஆண்டதால் வந்த பெயர், நாமெல்லாம் அவன் ரத்தம் என்று அங்கே நம் நாட்டவர் கூடும் உங்கள் சங்கத்துச் செயலாளர் சொன்னதாக எழுதியிருந்தாய். எனக்குப் பள்ளியில் சொன்னது, கழுகு வளர்த்த பிள்ளை ராஜாவாகி அவன் பெயர் நாட்டுக்கு வந்தது என்று. எதிர்வீட்டு பைண்டர் பழைய புத்தகங்களைத் தைத்துத் தைத்தே படித்தவர், "ராஜாவும் இல்ல கூஜாவும் இல்ல, ஆத்தங்கரையில நெருப்பு காத்த கூட்டத்தோட பேரு அது" என்கிறார். யார் பார்த்தது? இன்று அந்தப் பெயரில் டயர் விற்கிறது, தீப்பெட்டி விற்கிறது, உன் அண்ணன் ஓட்டும் பஸ்ஸின் நெற்றியிலும் அதுதான். அதிலெல்லாம் எனக்கு வருத்தமில்லை. ஆனால் சூரிய வம்சத்துக்குப் பாஸ்போர்ட் எதற்கு என்று எல்லாருடையதையும் வாங்கிச் சங்கத்துப் பீரோவில் பூட்டியிருக்கிறார் என்று பெருமையாக எழுதினாயே, அங்கேதான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். உறையைத் திறந்தவன் அந்த வரியையும் படித்திருப்பான். படித்தும் மறைக்கத் தோன்றவில்லை என்றால் எவ்வளவு துணிச்சல்!

அதனால் இதைத் தபாலில் போடவில்லை. கப்பலில் சமையல் வேலை பார்க்கும் உன் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே வருவார், நீ தங்கியிருக்கும் சங்கத்து விடுதிப் பக்கம் வரமாட்டார். அவரோடு சங்க அலுவலகத்துக்குப் போய், பகலில், நாலு பேர் இருக்கும்போது பாஸ்போர்ட்டைக் கேள். கொடுத்துவிட்டால் அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சிரித்துக்கொள், நானும் சிரிக்கிறேன். இழுத்தடித்தால் சண்டை போடாதே, நேரே நம் தூதரகத்துக்குப் போய்விடு. துணிமணிக்காகத் திரும்பிப் போகவேண்டாம்.

அம்மா உன் அறையைக் கூட்டி, கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டிருக்கிறாள். நான் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள்.

தைரியமும் நீண்ட ஆயுளும் உனக்குக் கிடைக்கட்டும். படித்ததும் இதைச் சித்தப்பாவிடமே திருப்பிக் கொடு, விடுதியில் வைக்காதே.

உன் சந்தேகக்கார
அப்பா