சிப்பின் நடுவே நீ விட்டுக்கொடுத்த இடம்

பீரோவின் மேல்தட்டைச் சுத்தம் செய்தபோது அந்துருண்டை வாசனையோடு உன் ஸ்வெட்டர் கையில் வந்தது. தோளில் துணி ஒட்டுப்போட்டுத் தைத்த ராணுவப் பச்சை. உண்மையில் உன் அப்பாவுடையது. வெளியே மே மாத வெயில். என் மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, இதி எவரிதி? ஸோ அக்லி!" என்றாள். சிநேகிதியுடையது என்றேன். அதற்கு மேல் சொல்ல வரவில்லை.

அவளிடம் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை என்று தெரியும். போனவர்கள் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பேச்சை நான் அன்றும் நம்பியதில்லை, இன்றும் நம்பவில்லை. ஆனால் உன்னை 'அவள்' என்று எழுதிப் பார்த்தேன், வாக்கியம் நகரவில்லை.

நம் ஆய்வுக்கூடத்தில் கணினிகளுக்காக வைத்திருந்த குளிரில் மனிதர்கள் நடுங்கினார்கள். மே மாதத்தில் கையில் ஸ்வெட்டரோடு ஹப்சிகுடாவில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எம்.டெக். சிப் வடிவமைப்பு மாணவர்களாகத்தான் இருக்கும். ஒருநாள் கண்டக்டர், "ஏம்மா, சிம்லா போதுன்னாரா?" என்று தெலுங்கில், சிம்லாவுக்கா போகிறோம் எனக் கேட்டார். "ஹவ் பையா, ரெண்டு டிக்கெட் கொடு" என்றாய் நீ. பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த எனக்கு, கண்டக்டரோடு ஒரு பெண் இப்படிப் பேசலாம் என்பதே செய்தி. நீ சைனிக்புரியில் வளர்ந்தவள். உன் தமிழில் பாதி வேலூர், மீதி இந்த ஊர் உருது: ஆமாம் என்பதற்கு 'ஹவ்', ஏன் என்பதற்கு 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'.

ஊரே சாப்ட்வேருக்கு ஓடிக்கொண்டிருந்த காலம். நம் வகுப்பில் பலருக்கு இந்தப் படிப்பு, ரயில் வரும்வரை உட்காரும் பெஞ்சு மாதிரி. பிறகு அமெரிக்காவில் ஏதோ சரிந்தது. வேலைக்குச் சேரும் தேதியைத் தள்ளிவைத்து எல்லோருக்கும் கடிதம் வந்தது. எனக்கும் வந்தது. அப்பா போனில், "ரெண்டு வருசம் என்னத்தப் படிச்சேன்னு கேட்டா, கையில எடுத்துக் காட்ட ஒண்ணு வேணும்லா? இல்லேன்னா இங்க காலேஜ்லயே டீச்சரா சேந்துரு" என்றார். அவர் கேட்டதையேதான் சிப் வடிவமைக்கும் நிறுவனத்தின் நேர்முகத்திலும் கேட்டார்கள். நான் வரைந்த சிப் எதுவாவது அச்சாகி வந்திருக்கிறதா என்று. திரையில் ஓடிய மாதிரிச் சோதனைகளை அவர்கள் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதனால்தான் அந்த வாய்ப்பு எனக்கு அவ்வளவு முக்கியம். பல கல்லூரிகளின் வரைபடங்களை ஒரே சிலிக்கான் தட்டில் சேர்த்து வெளிநாட்டில் அச்சிடும் திட்டத்தில் நமக்கு நகக்கண் அளவு இடம் கிடைத்தது. அடுத்த தட்டு நாம் படிப்பை முடித்துப் போன பிறகுதான். காது கேளாதோர் கருவிக்கு ஒலியைச் சுத்தம் செய்யும் சிறிய சிப். இடது பக்கம் என் வடிகட்டி. வலது பக்கம் நாம் சேர்ந்து வரைந்த நினைவகம், அது இல்லாமல் வடிகட்டி ஓடாது. மற்றவற்றோடு ஒட்டாமல் நடுவில் தனியாக உன் பெருக்கி. இரண்டு எண்களைப் பெருக்கும் சுற்று. வழக்கமான அடுக்கை விட்டுவிட்டு, சதுரத்தைச் சாய்த்துப்போட்டு நீயாகக் கண்டுபிடித்த வரிசை அது. உன் ஆய்வேடு முழுக்க அதைப் பற்றித்தான்.

அனுப்ப வேண்டிய நாளின் காலையில், சுற்றின் வரைபடமும் சிப்பின் படமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் மென்பொருள் திரையில் சிரித்த முகம் ஒன்றைக் காட்டியது. முகம் யாருக்கு வருகிறதோ அவர் எல்லோருக்கும் இரானி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்கித்தர வேண்டும் என்பது ஆய்வுக்கூட வழக்கம். நீ வாங்கித்தந்தாய். எல்லோரும் குடித்துக்கொண்டிருக்கும்போது நான் மின்சாரம் வரும் பட்டையை மௌஸால் தொட்டேன். தொட்ட கம்பி எங்கெல்லாம் ஓடுகிறதோ அங்கெல்லாம் ஒளிர வேண்டும். இடது பக்கம் ஒளிர்ந்தது. வலது பக்கம் இருட்டு.

"ஏட்டி, இங்க பாரு."

"டீ குடிச்சாச்சு இன்ஸ்பெக்டரம்மா, இனிமே கேஸ் போடக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். பார்த்தாய். டம்ளரை வைத்துவிட்டாய்.

என்ன நடந்தது என்பது உடனே புரிந்துவிட்டது. இரண்டு பக்கங்களையும் தனித்தனியாக வரைந்த ஆரம்ப நாட்களில், ஒரே பெயருள்ள கம்பிகளைச் சேர்ந்தவையாகவே எடுத்துக்கொள் என்று மென்பொருளிடம் சொல்லிவைத்திருந்தோம். வேலை சுலபமாகட்டும் என்றுதான். பிறகு அதை அணைக்கவில்லை. இரண்டு பட்டைக்கும் ஒரே பெயர். நடுவில் உலோகம் இல்லை. மென்பொருள் பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டது. அந்த வசதியைப் போட்டது யார் என்பதில் நீ என்னையும் நான் உன்னையும் கடைசிவரை கைகாட்டினோம்.

வழிகாட்டியிடம் ஓடினோம். அவர் கெட்டவர் அல்ல, களைத்தவர். "ரிப்போர்ட் க்ளீன் உந்தி கதா? பம்பிச்சேயண்டி" என்றார். பிறகு எனக்குப் புரியட்டும் என்று இங்கிலீஷிலும் சொன்னார்: மாணவர் சிப்பை யாரம்மா அளந்து பார்க்கிறார்கள், கண்ணாடிப் பெட்டியில் வைக்கத்தானே, அனுப்பிவிடுங்கள்.

"கண்ணாடிப் பெட்டில வைக்க பொம்மை போதும் சார்" என்றாய் நீ. "சாயந்தரத்துக்குள்ள சரி பண்ணிடுறோம். எங்க இடத்த மட்டும் வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க."

அவரிடம் அப்படிப் பேசும் துணிச்சல் எனக்கு இருந்ததில்லை. எனக்குச் சந்தேகப்படத் தெரியும், அவ்வளவுதான். அதைச் சத்தமாகச் சொல்ல நீ வேண்டியிருந்தது.

சரிசெய்ய வழி தேடினோம். ஓரங்களில் இடமில்லை. மெல்லிய கம்பியாக நுழைக்கலாம் என்றாய். அது தாங்காது, நினைவகத்துக்குப் போதுமான மின்சாரம் போய்ச்சேராது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அகலமான பட்டை நடுவாகத்தான் போக முடியும். நடுவில் உன் பெருக்கி.

நீ என் நாற்காலியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாய். அந்தச் சாய்ந்த சதுரத்தைச் சுற்றிக் கட்டம் வரைந்தாய்.

"கைக்கு மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? ரெண்டும் போறதுக்கு ஒண்ணு போகட்டும்."

"உன் தீசிஸ்?"

"நக்கோ பேசாத. பட்டை எவ்ளோ அகலம், சொல்லு."

அழித்தாய். நான் அகலத்தைச் சொல்ல, நீ பட்டையை வரைந்தாய். பெயர் சேர்க்கும் வசதியை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினோம். முகம் சிரித்தது. யாரும் டீ கேட்கவில்லை. நான் பட்டையைத் தொட்டேன், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒளிர்ந்தது. அனுப்பினோம்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், இந்தச் சிப்பில் உன் பங்கு எது என்று உன்னிடம் கேட்டார். "நடுவுல போற பவர் லைன், சார்" என்றாய். அவர் சிரிக்கவில்லை. மதிப்பெண்ணும் தரவில்லை.

சிப் திரும்பி வந்தபோது நீ நகரின் மறுகோடியில் சாப்ட்வேர் வேலையில் சேர்ந்திருந்தாய். ஒரு சனிக்கிழமை, பஸ் மாறி மாறி வந்து நின்றாய். மின்சாரம் கொடுத்தோம். அலைக்காட்டியில் கோடு முதலில் சும்மா கிடந்தது, பிறகு எழுந்து நடந்தது. "ஹவ், ஓடுதுடி!" என்று என் முதுகில் அறைந்தாய். அந்தச் சிப்பைக் காட்டித்தான் எனக்கு வேலை கிடைத்தது. இத்தனை வருஷமும் இந்தத் தொழிலில் நிற்கிறேன்.

உன் செயலைத் தியாகம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அந்த வார்த்தையில் நம்பிக்கை இல்லை, உனக்கும் பிடித்திருக்காது. நீ கணக்குப் பார்த்தாய், கணக்கு அப்படி வந்தது. ஆனால் கணக்குச் சரியாக இருந்தால் வலிக்காது என்றும் நான் நினைக்கவில்லை. வெகுகாலம் கழித்து, நோய் தெரியவந்த வருஷம், உன் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து கேட்டேன்: அதை நினைத்து வருத்தப்பட்டிருக்கிறாயா?

"வருத்தம்லாம் இல்லடி. அது ஓடுமா ஓடாதான்னு தெரியாமலே போச்சு. அது ஒண்ணுதான்."

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உன் சுற்று வரைபடம் என்னிடம் இருந்தது. கணினி மாறும்போதெல்லாம் கூடவே எடுத்து வந்திருக்கிறேன், எதற்கென்று யோசித்ததில்லை. நாம் அன்று பயன்படுத்திய பழைய அளவில் இன்னமும் சிலர் அச்சிடுகிறார்கள். பொதுத் தட்டில் தனி ஆட்களுக்கும் இடம் தருகிறார்கள். விண்ணப்பித்தேன், கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பெருக்கியை முதலிலிருந்து வரைந்துவிட்டேன். சாய்ந்த சதுரத்தில் மூலைகளை எப்படி அடக்கினாய் என்பது பிடிபடவே பல வாரங்கள் ஆயின. உன்னிடம் கேட்டிருந்தால் ஒரு டீ நேரத்தில் சொல்லியிருப்பாய்.

இன்றைய மாணவர்கள் இதைவிட வேகமான பெருக்கியை வகுப்புப் பயிற்சியாகவே செய்கிறார்கள். இதனால் யாருக்கும் பயன் இல்லை. உன் நினைவுக்காகச் செய்கிறேன் என்றும் சொல்லமாட்டேன். நினைவுக்குச் சிலிக்கான் தேவையில்லை. அது பெருக்குமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நீ தெரியாமல் போனாய், நானும் அப்படிப் போக விரும்பவில்லை.

அடுத்த வாரம் அனுப்புகிறேன். திரும்பி வர மாதங்கள் ஆகும். வந்ததும் முதலில் ஏழையும் எட்டையும் கொடுத்துப் பார்ப்பேன். விடை தப்பாக வந்தால், தப்பு உன்னுடையதா என்னுடையதா என்று தேடிக் கண்டுபிடித்து, திருத்தி, மறுபடி அனுப்புவேன்.