வேஷ்டிக்காகப் போட்ட சாரி கார்டு

காலை ஆறு இருபது. நீங்கள் இன்னும் எழவில்லை. நான் கழக்கூட்டம் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன், பைக்கில்தான்.

அடை மாவு ஃபிரிட்ஜில் இருக்கிறது. பத்து மணிக்கு கேஸ் வரும், காலி சிலிண்டரை வாசலில் வைத்திருக்கிறேன்.

நேற்றுச் சண்டையில் சொல்லாமல் விட்டது இது. சீட்டு ஸ்பாஞ்சை ஒன்றரை அங்குலம் வெட்டியபின் என் இரண்டு காலும் தரையில் ஊன்றுகின்றன. பன்னிரண்டு வருஷப் பழைய வண்டிதான். ஆனாலும் கரமனைப் பாலத்தில் மூன்றாம் கியர் போடும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. இதை விற்கமாட்டேன்.

ஒரு தப்பு செய்தேன். வாங்கிய அன்றே, பின்சக்கரத்தில் சேலை மாட்டாமல் தடுக்கும் சாரி கார்டைக் கழற்றிப் பரணில் போட்டேன். ஓட்டுவது நான், பின்னால் சேலை ஏது என்று நினைத்தேன். கோவிலுக்கு நீங்கள் வேஷ்டியில் என் பின்னால் உட்கார்ந்து வருவது தோன்றவில்லை. "வேஷ்டி சக்கரத்துல மாட்டிண்டா என் கதி என்ன?" என்று நீங்கள் கேட்டது நியாயம். விடியுமுன் நானே அதைத் திரும்பப் பூட்டிவிட்டேன். இந்தக் காகிதத்தில் இருப்பது கிரீஸ் கறை.

பெண்டாட்டிக்குப் பின்னால் புருஷன் உட்கார்ந்தால் தெரு சிரிக்கும் என்றும் சொன்னீர்கள். அதைச் சரிசெய்ய என்னிடம் ஸ்பேனர் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கோவிலுக்குத் தயாராக இருங்கள்.

ஜானவி

அலமாரியில் புது ஹெல்மெட், உங்கள் தலை அளவு.

இன்னொன்று. கோலம் போட வந்த எதிர்வீட்டு மாமி வண்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டார். பதிலை நீங்களே சொல்லுங்கள்.

"யாருக்குடி இந்த சாரி கார்டு? நீ பேண்ட்னா போட்டுண்டு ஓட்டறே?"